சகலையின் கஷாயம்

முனியாண்டிக்குப் படையல் போடும்போது சுருட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற ரம் போத்தல் என்னுடையது. கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். மாமனார் வேறு எதற்கும் என்னைத் தேடியதில்லை; அந்த ஒரு போத்தலுக்கு மட்டும், "மாப்பிள்ள கொண்டாந்துட்டாரா?" என்று வாசலைப் பார்ப்பார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அதில் மண்ணை அள்ளிப் போட்டவன் என் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன், கப்பல்காரன். தொண்ணூறுகளின் ரங்கூனில் கப்பல்காரன் என்றால் தனி மவுசு. அந்த வருஷம் படையலுக்கு முதல் நாள் பிரேசிலிலிருந்து வந்து இறங்கினான், கையில் ஒரு போத்தலோடு.

"கஷாசா, மாமா. கரும்புச் சாறுல இறக்கினது. அந்த ஊர்க் காட்டு மரத்துல பீப்பாய் செஞ்சு, வருஷக்கணக்கா ஊறப்போடுவாங்க."

மாமனாருக்குக் காது மந்தம். "கஷாயமா?" என்று மூடியைத் திறந்து மோந்தார். "ஆமா, பட்டை வாசம் வருதே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலோன் மரக்கிடங்கில் நாள் முழுக்கத் தேக்கோடு மாரடிக்கிறவன் நான். மரத்தைப் பற்றியும் இவனா எனக்குச் சொல்ல வேண்டும்? "அப்போ பட்டைச் சாராயம்னு சொல்லுங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சுருட்டுக்குப் பக்கத்தில் கஷாயம் உட்கார்ந்தது. என் ரம் அடுப்படியில் கிடந்தது. படைத்ததை ஆளுக்கொரு வாய் கொடுத்தார்கள். நன்றாக இருக்கக் கூடாது என்று முனியாண்டியையே வேண்டிக்கொண்டு குடித்தேன். பாழாய்ப்போனது, அவ்வளவு நன்றாக இருந்தது. என் ரம்மைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற என் மனைவி, "கஷாயந்தானே" என்று இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வருஷம் சகலை கடலில் இருந்தான். சாமிக்குக் கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என் போத்தலோடு முதல் ஆளாகப் போய் நின்றேன். மாமனார் அதை வாங்கி அறைக்குள் கொண்டுபோய், பத்திரப்படுத்தி வைத்திருந்த சகலையின் காலிப் போத்தலில் என் கண் முன்னாலேயே ஊற்றினார். பட்டைத்துண்டு ஒன்றைப் போட்டுக் குலுக்கினார்.

"சாமிக்குப் போன வருஷம் புடிச்சிருந்துச்சுல்ல," என்றார், என்னிடமே.

படையல் முடிந்து எல்லோருக்கும் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவர் "கௌங்டே, கௌங்டே" என்று சப்புக்கொட்டினார். கப்பல்கார மாப்பிள்ளையின் சரக்கே தனி என்றார்கள்.

என் மனைவி ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்தாள்.

"என் தங்கச்சி கொடுத்து வச்சவ," என்றாள்.