இரண்டாவது கியரில் பெண் பார்த்தேன்

நேற்று மழையில் கண்ணாடி ஏற்றாமல் விட்டிருந்த யாருடைய காரையோ கடந்து போனேன். நனைந்த ரெக்சின் வாசனை. அதோடு கொஞ்சம் பெட்ரோலும் கலந்திருந்தால் அப்படியே என் முதல் கார்தான்.

தொண்ணூற்றொன்றில் மண்ணூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கார் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. பல கை மாறி வந்த வண்டி. நிறம் என்னவென்று கேட்டால் துரு என்றுதான் சொல்ல வேண்டும். காலடியில் இருந்த ஓட்டை வழியே சாலை ஓடுவது தெரியும், வண்டி ஓடினால்.

பெண் பார்ப்பதை வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வைத்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் என் அம்மா பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்து பேசுவதாக ஏற்பாடு. பெண்ணும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். இரண்டு வார்த்தை பேசினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பஸ்ஸுக்கு ஏன் நிக்கணும், ஒரகடத்துல விட்டுடறேன்” என்றேன். பெருமை, வேறென்ன.

பாதி வழியில் வண்டி இருமி நின்றது. சுற்றிலும் வயல், ஆளில்லை. தள்ளுவதற்காக அவளும் இறங்கி முந்தானையைச் செருகினாள்.

“பொண்ணு ரோட்ல வண்டி தள்றதா? உள்ள குந்து” என்று அப்பா அதட்டினார்.

“அப்ப நான் ஸ்டேரிங் புடிச்சுக்கிறேன்” என்றாள்.

இரண்டாவது கியரில் போட்டேன். “கிளச்ச மிதிச்சுக்கினே இருங்க, சொன்னதும் காலை எடுங்க.” நானும் அவரும் தள்ளினோம். சொன்னேன், எடுத்தாள். வண்டி உறுமிக்கொண்டு போயே போய்விட்டது. பிரேக் எது என்று நான் சொல்லவே இல்லை.

அப்படியொரு ஓட்டம் நான் வாழ்நாளில் ஓடியதில்லை. பின்னால் அவர், “அய்யோ, எம் பொண்ணு!” எதிரே ஒரு லாரி. கார் சட்டென்று இடது பக்கம் திரும்பி, உழுது போட்டிருந்த சேற்றில் இறங்கி அணைந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

“லாரி வந்துச்சு, அதான் வயல்ல வுட்டேன்” என்றாள். பிறகு மெதுவாக, “இன்னொரு வாட்டி தள்றீங்களா?”

மூச்சிரைக்க வந்த அவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்தார்.

“தம்பி, அம்மாவ எப்போ கூட்டிக்கினு வர்றீங்க?”

இப்போது எங்கள் வீட்டில் அவள்தான் நன்றாக ஓட்டுவாள். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சாலை அகலமாகி, இருபுறமும் கம்பெனி மதில்கள் நிற்கின்றன. தடுமாறித் திரும்பும் ஒரு காரைத் தாங்கிக்கொள்ள அங்கே இன்று ஒரு பிடி சேறுகூடக் கிடையாது.