உச்சி வரை தார் பூசிய தூண்கள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பலகை வீட்டைக் கட்ட, மரமும் கூலியும் சேர்த்து ஒரே கண்டிராக்டரிடம் மொத்தமாக விட்டார் அப்பா. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் சென்றவள் நான். எனக்குச் சந்தேகம்: மரம் வாங்குவதும் அவரே என்றால் நல்லதாகவா வாங்குவார்?

தூண்கள் வந்து இறங்கின. கண்டிராக்டரிடம் கேட்டேன்:

"மண்ணுக்குள்ள போற பக்கம் பூசினா போதாதா? உச்சி வரைக்கும் எதுக்கு அண்ணே தார்?"

"கறையான் ஏறாதும்மா. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித்தரலையா?"

அப்பா என்னை முறைத்தார். நான் கொண்டை ஊசியால் ஒரு தூணைக் குத்தினேன். முழுதும் உள்ளே இறங்கியது. உளுத்த பழைய மரம்!

"இதுமேலயாப்பா நாம படுக்கப் போறோம்?"

அன்றே அந்த ஏற்பாட்டை அப்பா முறித்தார். இப்போது மரத்தை நாங்களே வாங்குகிறோம். ஆசாரிக்குக் கூலி மட்டும். அவர் ரம்பத்தை எடுத்தாலே அப்பா தடுக்கிறார்: "இருய்யா, மக பாக்கட்டும்."