ஆரோடை கதைச்சனான்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் என் தமையனுக்கு அடுத்த கட்டிலில் ஓர் இளைஞன் கிடந்தான். மோட்டார் சைக்கிள் விபத்து. அவனுடைய தாயை நான் ஐந்து நாட்கள் பார்த்தேன். குருநகர்க் கடற்கரைக்காரர், மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் செபமாலை. பார்வையாளர் நேரம் முழுவதும் மகனின் காதோடு குனிந்து, எந்தப் படகு கடலுக்குப் போனது, யாருக்கு என்ன மீன் பட்டது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஐந்தாம் நாள் வைத்தியர் அவரை அழைத்து, மகனின் மூளை இறந்துவிட்டது, கருவிதான் மூச்சு விடுகிறது, அதை நிறுத்தச் சம்மதம் வேண்டும் என்றார். திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆளெல்லோ. மூளை செத்துப்போனா ஆத்துமா எங்கை நிக்கும்?"

"தெரியாதம்மா."

"உள்ளுக்கை நிக்குதெண்டா, நான்தான் என்ரை பிள்ளையை வெளியிலை கலைச்சுவிடப் போறன். அது போயிட்டுதெண்டா, இவ்வளவு நாளும் நான் ஆரோடை கதைச்சனான்?"

மனம் என்பது மூளையின் வேலை, வேறொன்றுமில்லை என்று நெல்லியடிப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். 

பின்னேரம் அவர் கையெழுத்து வைத்தார். தாதி கருவியை நிறுத்தப் போனபோது மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, அந்தக் கதவை ஒருக்கா திறந்து விடுங்கோ" என்று தாதியிடம் சொன்னார்.

பிரிவிலிருந்து வெளியே போகும் கதவு அது, எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். தாதி தயங்கி என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய்த் திறந்தேன். கருவியின் சத்தம் நின்றது. எவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.