கிருமி வராதிருக்க ஒரு ஜெபம்

“…மருந்தும் இல்ல, மாத்திரையும் இல்ல, எந்த வியாதிக்கும் இல்லேங்கற. அப்ப இவ்வளவு நாளா நான் எதுக்குத்தான் ஜெபம் பண்ணேன், அதைச் சொல்லு முதல்ல,” என்று அத்தை கேட்டபோது அவர் கையில் இட்லித் தட்டு இருந்தது. துணியை உரிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஆவி எல்லாம் அவர் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. அத்தை என்றால் என் மனைவி ஹெப்சியின் அம்மா. பல்லாவரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் தனியாக இருக்கிறார். நாங்கள் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கி, பெட்டியைக்கூடப் பாதிதான் பிரித்திருந்தோம். ஹெப்சி சட்னியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். அன்று மாலை அதே வீட்டுக் கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம். அதில் அவள் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

இது கோர்ட்டில் சொல்கிற சாட்சி இல்லை. ஒருவருக்காக நாலு பேர் சேர்ந்து ஜெபித்து, அந்தக் காரியம் கைகூடிவிட்டால், அவர் அந்த நாலு பேர் முன்னால் நின்று நடந்ததை நடந்தபடி சொல்லி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். நான் பம்மலில் ஓர் அம்மன் கோயில் தெருவில் வளர்ந்தவன். எங்களிடம் வேண்டுதல் பலித்தால் கூழ் ஊற்றுவோம், மொட்டை போடுவோம். வாயைத் திறக்க வேண்டியதில்லை. இவர்கள் வாயால்தான் தீர்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஹெப்சியே என்னிடம் சொன்னாள்: “மொட்டையே தேவலாம். முடியாவது வளந்துடும்.”

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். நாம் அங்கே என்ன வேலை செய்கிறோம் என்று ஊரில் ஒரு வரியில் சொல்ல முடியாது. நான் பார்சல் வண்டி ஓட்டுகிறேன் என்றாலே, “அதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம், இங்க வண்டி இல்லியா?” என்று என் பழைய கூட்டாளி கேட்டான். ஹெப்சி பாடு இன்னும் மோசம். அவள் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சிக்காரி. நான் படித்தவன் இல்லை, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். அவள் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு ஏறியதுதான். உலகத்தில் உயிரே இல்லாத காலம் ஒன்று இருந்தது. கல், தண்ணீர், காற்று, சூடு, அவ்வளவுதான். அதிலிருந்து எது எதோடு சேர்ந்து உயிருக்கு வழிவிட்டது என்று தேடுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற புரதத்தைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்ன மணிகள் கிடைக்குமாம். அமினோ அமிலம் என்பார்கள். மணிகளைக் கோத்தால்தான் மாலை. கோக்க நாரும் இல்லை, கையும் இல்லை. பிறகு எப்படிக் கோத்துக்கொண்டன? தண்ணீரில் கிடந்தால் மணிகள் திரிகின்றனவே தவிரச் சேர்வதில்லை. சேர்ந்ததையும் தண்ணீரே மெல்லப் பிரித்துவிடும். காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், ஆனால் நகர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடும். அதனால் அவள் நனைக்கிறாள், காயவைக்கிறாள், மறுபடி நனைக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் மாலை கொஞ்சம் நீள்கிறதா என்று பார்க்கிறாள். மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றுகிற ஒரு குட்டையைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அப்ப உயிரே பண்ணிடுவீங்களா?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “கல்யாணத்துக்கு எல்லாம் இன்னும் போகல. பந்தக்கால் நிக்குமான்னு பாத்துட்டிருக்கோம்,” என்றாள்.

இந்த வேலைக்கு ஒரே எதிரி உயிர்தான். இதை முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். காற்றில், கையில், மூச்சில் இருக்கிற ஒரு கிருமி குழாய்க்குள் விழுந்தால் போதும், சாப்பாடு கிடைத்தது என்று எல்லா மணிகளையும் தின்று பெருகிவிடும். மாதக்கணக்கான உழைப்பு கஞ்சியாகிவிடும். உயிர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டுமானால், வந்திருக்கிற உயிர் அத்தனையையும் கதவுக்கு வெளியே நிறுத்த வேண்டும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால், கையில் இரட்டை உறை போட்டுக்கொண்டு, தும்மலை அடக்கிக்கொண்டு நிற்பாள். அப்படியும் போன வருஷம் குளிர்காலத்தில் அடுத்தடுத்து குழாய்கள் கெட்டுப்போயின. ஒருநாள் லாபோரிலிருந்து, அதாவது ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து, வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மாவுக்குப் போன் போட்டாள். “கிருமி வந்துடுதும்மா. எப்படி வருதுன்னே தெரியல. ஜெபம் பண்ணிக்கோங்க.” சின்ன வயதுப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. அவளே அதை அப்போதே மறந்துவிட்டாள்.

அத்தை மறக்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே ஜெபக் குறிப்பாகச் சொல்லிவிட்டார். நர்ஸ் கண்ணுக்குக் கண்ணாடிக் குழாய் என்றால் மருந்து. கிருமி என்றால் அது கொல்ல வேண்டிய கிருமி. வேறு என்னவாக இருக்க முடியும்? கேட்ட பெண்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வாராவாரம் சேலையூர், ஏரிக்கரை, ராஜகீழ்ப்பாக்கம் என்று வீடு வீடாகக் கூட்டம் சுற்றிவந்தது. ஒவ்வொரு வீட்டிலும், “கர்த்தாவே, அந்தக் குழாய்க்குள்ள ஒரு கிருமியும் அண்டாதபடி உம்முடைய செட்டைகளால, சிறகுகளால மூடிக்கொள்ளும்,” என்று கண்ணீர் விட்டு ஜெபித்திருக்கிறார்கள். அதிகம் அழுதவர் லில்லி அக்கா. எதிர்வீடு. கணவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். ஜெர்மனியில் ஹெப்சி கண்டுபிடிக்கிற மருந்து அந்தக் காலுக்கு ஆகும் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். அந்த வசந்தத்தில் ஹெப்சியின் குழாய்கள் கெடவில்லை. மாலை நீண்டது. கட்டுரை வெளிவந்தது. அந்தக் கட்டுரையில் எந்தத் தண்ணீர், எவ்வளவு சூடு என்பதற்கெல்லாம் இடம் உண்டு. சேலையூர்ப் பெண்களுக்கு இடமில்லை.

தப்பாக எடுத்துக்கொள்வது நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. நான் பார்சல் கொண்டுபோகிற தெருவில் ஒரு கிழவி இருக்கிறார். கதவைத் திறந்தால் பேசாமல் விடமாட்டார். மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டார். என் அரைகுறை ஜெர்மனில், அவள் பழைய ஷ்லாமை, அதாவது சேற்றை, நனைத்துக் காயவைத்துப் பார்க்கிறாள், அதிலிருந்துதான் எல்லாம் வந்ததாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆ, கார்ட்டன்,” என்று உள்ளே போய், ஒரு பை நிறைய உரமண்ணும் நாலு தக்காளி நாற்றும் கொண்டுவந்து கொடுத்தார். சேறு என்றால் அவருக்குத் தோட்டம். நான் மறுக்கவில்லை, வாங்கிக்கொண்டேன். மறுக்கிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. நாற்றும் பரவாயில்லாமல் காய்த்தது. ஆனால் தாம்பரத்தில் ஹெப்சிக்குத் தமிழ் நன்றாக வரும். அதுதான் பிரச்சினை.

காலையில் அத்தை கேட்டதும் இதனால்தான். “மருந்து எந்த வியாதிக்குன்னு சாயங்காலம் தெளிவா சொல்லிடு, எல்லாம் ஆசையா இருக்காங்க,” என்று ஆரம்பித்தார். ஹெப்சி உண்மையைச் சொன்னாள். உயிரில்லாததிலிருந்து உயிர் வந்த வழி என்றதும் அத்தையின் முகம் மாறிவிட்டது. கோபம் என்று சொல்ல மாட்டேன். பெண்ணுக்காக ஆண்டவரிடம் கேட்டதே ஆண்டவருக்கு விரோதமாகிவிட்டதோ என்கிற கலக்கம். “நீ பொய் சொல்ல வேணாம். ஆனா அவங்க எல்லாரையும் வச்சு ஆண்டவர்கிட்ட இதுக்கா கேட்டேன் நான்?” என்றார். ஹெப்சி, “சாட்சி சொல்லாம விட்டுடறேம்மா,” என்றாள். “அதெப்படி. கேட்டது நடந்துச்சில்ல,” என்று சொல்லிவிட்டு இட்லித் துணியை உரித்தார்.

பகல் முழுக்க வெயில் காய்ந்தது. தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. வந்த அன்று விமான நிலையத்திலிருந்து எங்களைக் கொண்டுவந்துவிட்ட டிரைவர் சொன்னது நினைவுக்கு வந்தது: “இங்க தண்ணி ரெண்டு டைப் சார். சித்திரைல லாரில வரும். ஐப்பசில வூட்டுக்குள்ளயே வந்து குந்திக்கும். ரெண்டுத்துக்கும் நடுவுல வந்துட்டுப் போய்க்கினே இருக்கறவன்தான் புத்திசாலி.” நாங்கள் புத்திசாலிகளா என்று ஹெப்சியைக் கேட்டேன். அவள் ஜன்னல் வழியாக லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை கூடம் நிறைந்துவிட்டது. பெண்கள் கூட்டம் என்பதால் நான் சமையலறையில் டீ போடுகிற சாக்கில் ஒதுங்கிக்கொண்டேன். பாட்டு முடிந்தது. ஹெப்சி எழுந்து நின்றாள். குழாய் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை என அத்தை முன்பே போனில் கேட்டிருந்ததால், காலியான ஒன்றைக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்திருந்தாள். அதை எடுத்துக் காட்டி, “நீங்க ஜெபம் பண்ணது இதுக்குத்தான்,” என்றாள். குழாய் கைமாறிக் கைமாறிப் போனது. பவுடர் கை, மல்லிப்பூ கை, முறுக்கு தின்ற கை. ஒருவர் ஊதிப் பார்த்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் வெறுங்கையால் தொடாத பொருள். ஹெப்சியின் விரல்கள் அவளையறியாமல் மடங்கியதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

எல்லாவற்றையும் சொன்னாள். குட்டை, மணி, மாலை, நனைவது, காய்வது. மருந்து இல்லை என்றும் சொன்னாள். கூட்டத்தை நடத்துகிற எஸ்தர் ஆன்ட்டி தொண்டையைச் செருமினார். “ஆண்டவர் சொன்னார், ஆச்சு. இதுல குழாய்க்கு என்னம்மா வேலை?”

“எப்படி ஆச்சுன்னு மட்டும்தான் ஆன்ட்டி நாங்க பாக்கறோம். யார் ஆக்கினாங்கன்னு பாக்கற மெஷின் எங்ககிட்ட இல்ல.”

“ம்,” என்றார் எஸ்தர் ஆன்ட்டி. அது ஒப்புக்கொண்ட ‘ம்’மும் இல்லை, மறுத்த ‘ம்’மும் இல்லை. வீட்டுக்குப் போய் யோசிக்கிற ‘ம்’.

குழாய் அப்போது லில்லி அக்கா மடியில் இருந்தது. “அப்ப இவரு காலுக்கு இது ஆகாதா?”

“ஆகாதுக்கா.”

“பின்னாடி வருமா?”

“தெரியலக்கா. வரும்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

லில்லி அக்கா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவால்ல விடு. வரும் வரும்னு சொன்ன டாக்டருங்களைத்தான் பாத்துட்டோமே. தெரியலன்னு சொன்னது நீ ஒருத்திதான்,” என்று பக்கத்தில் கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். லில்லி அக்கா சிரிக்கவில்லை. ஹெப்சி உட்கார்ந்தாள்.

முடிவு ஜெபம் அத்தை செய்ய வேண்டும். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரர் செய்வது வழக்கம். நான் வடிகட்டியைப் பிடித்தபடி காதை நீட்டிக்கொண்டு நின்றேன். லில்லி அக்கா கணவரின் கால், எஸ்தர் ஆன்ட்டி பேத்தியின் பரீட்சை, யாரோ ஒருவரின் வீட்டுக் கடன், மழை, ஏரிகள், ஊர் சமாதானம். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வந்தார். இத்தனை மாதமும் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன அந்தக் குழாய் ஜெபம் மட்டும் வரவில்லை. ஆமென் என்றுவிட்டார். ஹெப்சி மற்றவர்களைவிடச் சற்று நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாள்.

டீ குடித்து எல்லோரும் போனார்கள். ஹெப்சி டம்ளர்களைப் பொறுக்கினாள். அத்தை சமையலறைக்கு வந்து, என்னை நகரச் சொல்லி, இட்லிக் குண்டானில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். இரவுக்கும் இட்லியா என்று நினைத்தேன். கூடத்துக்குப் போய்க் குழாயை எடுத்துவந்தார். மூடியைக் கழற்றி, சோப்புப் போட்டு, சின்ன பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினார். காலியான இட்லித் தட்டில் படுக்கவைத்தார். மூடிக்குத் தனியாக ஒரு குழி. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்த காலத்து நர்ஸின் கை.

“அத்தை, அதை அவங்க…” என்று ஆரம்பித்தேன். ஆவியில் அவித்தாலும் அந்தக் குழாயை இனி ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். டம்ளர்களோடு வாசலில் நின்ற ஹெப்சி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

“எத்தனை பேர் கை பட்டுச்சு,” என்றார் அத்தை, குண்டானைப் பார்த்தபடியே. “இப்படியே கொண்டுபோனா என்னத்துக்கு ஆகும்?”

குண்டானுக்கு மூடி போட்டுவிட்டு அங்கேயே நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. நிமிஷத்தை எண்ணினாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று கேட்கவில்லை. பிறகு இடுக்கியால் எடுத்து, ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் சாய்த்தார். உள்ளே துளிகள் வழிந்து, வெக்கையில் மெல்ல வற்றின. கண்ணாடி காயும்வரை ஈ அண்டாமல் முந்தானையால் விசிறினார். காய்ந்ததும் விரல் படாமல் அந்தத் துணியிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், எங்கள் பெட்டியில், நாங்கள் இன்னும் பிரிக்காத பாதியில் வைத்தார்.