மூன்றாவது தாண்டல்

நடந்தது இவ்வளவுதான்:

1. ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டார் தங்கச்சிமடத்துக் கடற்கரையில் கூடினார்கள்.
2. அக்கா மூன்று தடவை உயரம் தாண்டினாள்.
3. மூன்றாவது தடவை அவள் குதிகால் கயிற்றில் உரசியது.
4. கயிற்றைப் பிடித்திருந்த நான், உரசவில்லை என்று பொய் சொன்னேன்.

அப்போது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினைந்து. ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். மதுரையில் நடக்கும் போட்டிக்கு டிரில் டீச்சர் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு, அய்யாவின் கையெழுத்துக்காக ஒரு தாளைத் தந்தனுப்பியிருந்தார். அம்மாவின் அக்காவான பெரியம்மா அதைக் கேட்டதும் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

“வயசுக்கு வந்த பிள்ளைய ஊரு பாக்கக் குதிக்க விடப்போறீகளா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?”

அய்யாவுக்குச் சண்டை வராது. “மூணு தடவ படாமத் தாண்டட்டும் மதினி, கையெழுத்துப் போடுறேன். ஒண்ணுல பட்டாலும் போக வேணாம்” என்றார்.

டீச்சர் சொன்ன உயரம் நாலேகால் அடி. இரண்டு துடுப்புகளை மணலில் நட்டுக் கரியால் கோடு போட்டோம். குறுக்குக் கம்புக்குப் பதிலாக அய்யாவின் தூண்டில் கயிறு. ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். கம்பு பட்டால் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கயிறு அப்படியில்லை, பிடித்தவர்தான் சொல்ல வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்தவர் பெரியம்மா. அந்த மாதம்தான் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பினார்.

அக்கா பள்ளியில் தந்த டவுசருக்கு மேல் பாவாடையை ஏற்றிச் செருகியிருந்தாள். முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதில் உந்திய கால் மணலில் புதைந்தது. என் விரலில் கயிறு லேசாகச் சுண்டியது.

“பட்டுச்சாடி?”

“படல பெரியம்மா.”

பெரியம்மா அய்யாவைப் பார்த்தார். “இங்கனயும் ஒண்ணும் தெரியல மதினி” என்று சொல்லிவிட்டு, அவர் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

மதுரையில் அதே நாலேகால் அடியில் அக்காவுக்குக் கம்பு இரண்டு தடவை விழுந்தது. கடைசி வாய்ப்பில் தாண்டி, இரண்டாவதாக வந்தாள். அடுத்த வருஷம் சென்னை. பிறகு ஆறு வருஷம் மாகாணத்துக்காக ரயிலேறி தில்லி, கட்டாக் என்று போய்த் தாண்டினாள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, அதுவே அவளுடைய உச்சம். பத்திரிகையில் வந்த படத்தைப் பெரியம்மாவே சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டினார், முழங்கால் தெரியும் பகுதியை மட்டும் உள்ளே மடித்துவிட்டு.

மதுரையிலிருந்து அவள் திரும்பிய அன்றே நான் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். “கால் என்னுதுடி. எனக்குத் தெரியாதா?”

பொய்யில் கூட்டாளி கிடைத்த நிம்மதியில் நான் விளையாடப் போய்விட்டேன். கயிற்றுக்கு இன்னொரு முனை இருந்ததை யோசிக்கவே இல்லை. இழுத்துப் பிடித்த கயிற்றில் எழும் அதிர்வு இரண்டு முனைகளுக்கும் போகும் என்று பாலிடெக்னிக்கில் பாடம் நடந்த அன்று, எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்தில் இரையைத் தொட்டது விளமீனா களவாயா என்று விரலை வைத்தே சொல்கிறவர் அய்யா.

அக்கா இப்போது கடலாடியில் டிரில் டீச்சர். நான் மதுரையில் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். அய்யா இன்னும் கடலுக்குப் போகிறார். எங்களைப் படிக்கவைத்ததற்கு அவரிடம் நன்றி சொல்லியிருக்கிறேன். இதற்கு இன்னும் சொல்லவில்லை.