எடுத்து வச்சேன்

என் பேத்தியைப் போலீசார் 'பஞ்ச்' ஆகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். புனேயில் கோர்படி ரயில்வே காலனியில் கலாசியாக இருந்தேன். அங்கே குழாயடியில் சண்டை வந்தால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்து தீர்த்துவைப்போம். ஒரு தடவை ஒரு வாளி யாருடையது என்று வழக்கு. இரண்டு பெண்களும் வாளியை விடாமல் பிடித்துக்கொண்டே பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தீர்ப்பு என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை, வாளி பச்சை நிறம் என்பது ஞாபகம் இருக்கிறது. அந்த ஐந்து பேரைத்தான் நாங்கள் பஞ்ச் என்போம்.

"இந்த வயசுல தீர்ப்புச் சொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"ஐயோ தாத்தா, அது வேற. போலீஸ் பொருள எடுக்கும்போது கூட நின்னு பாக்கணும். பாத்தேன்னு சைன் போடணும். எங்க ஆபீஸ்ல வந்து ஆள் கேட்டாங்க, ஒருத்தரும் போகமாட்டேன்னுட்டாங்க. நான்தான் புதுசு, பர்மனெண்டும் இல்ல. என்னைத் தள்ளிட்டாங்க."

அப்போது நல்ல மழைக்காலம். அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்த வாரம். ஆற்றோரம் கட்டடம் கட்டும் இடத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று காணாமல் போயிருந்தது. அங்கே காவலுக்கு இருந்த பையனைப் பிடித்திருந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், புனேவுக்கு வந்து கொஞ்ச நாள்தான், இந்தி வராது. பேத்தி தமிழ் என்று தெரிந்ததும் போலீஸ்காரர், "இவன் என்ன சொல்றான், கேட்டுச் சொல்லு" என்றிருக்கிறார்.

பையன் சொன்னான்: "அக்கா, மோட்டார நான்தான் எடுத்து வச்சேன். ரூம்ல இருக்கு, காட்டறேன்."

இவள் இந்தியில் சொன்னாள்: "மோட்டார் மைனே உட்டாயா." உட்டாயா என்றால் தூக்கினேன். திருடன் தூக்குவதற்கும் அதே சொல்தான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஏரவாடாவில் அவன் அறைக்குக் கூட்டிப்போனார்கள். கட்டிலுக்கு அடியில் சாக்குச் சுற்றி மோட்டார் இருந்தது. இவள் கையெழுத்துப் போட்டாள்.

இவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். இந்தியும் மராத்தியும் பொரிந்து தள்ளுவாள். தமிழ் மட்டும் வீட்டுக்குள், அதுவும் பாதி வார்த்தைதான் கிடைக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே என் மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "கை கழுவிட்டு வா. உனக்குன்னு ரெண்டு அடை எடுத்து வச்சிருக்கேன்."

பேத்தி அப்படியே நின்றுவிட்டாள். "அம்மா, என்ன சொன்ன?"

"அடை."

"அது இல்ல. எடுத்து வச்சிருக்கேன்னியே. அதுக்கு என்ன அர்த்தம்?"

"இதென்ன கேள்வி? பத்திரமா தனியா வச்சிருக்கேன்னு அர்த்தம். உன் தம்பி தின்னுடுவான்ல."

அவள் அடையைத் தொடவே இல்லை. மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நானும் போனேன். போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. "எழுதியாச்சும்மா. கோர்ட்டுல சொல்லிக்கோ" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில்தான் கோர்ட்டு கூப்பிட்டது. அதுவரை அந்தப் பையன் உள்ளேதான். ஜாமீனுக்கு நிற்க இந்த ஊரில் அவனுக்கு யாருமில்லை. எங்கள் பஸ் ஏரவாடா ஜெயில் வழியாகத்தான் போகும். அந்த இடம் வந்தால் பேத்தி போனைப் பார்த்துக்கொள்வாள்.

"சைன் என்னுதுதான்னு சொல்லிட்டு வந்துடு" என்றான் என் மகன். "நாம தமிழ், அவன் தமிழ். மாத்திப் பேசினா என்ன சொல்லுவாங்க? வேலை வேற உறுதியாகல."

"அப்பா, அவன் என்னை அக்கான்னு கூப்பிட்டுத்தான் சொன்னான்."

கோர்ட்டில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இவள் கூண்டில் ஏறினாள். அரசாங்க வக்கீல் கையெழுத்தைக் காட்டினார். உங்களுடையதா? ஆமாம். அவன் இப்படிச் சொன்னானா?

"நான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள். அவன் தமிழில் என்ன சொன்னான் என்று ஜட்ஜ் மராத்தியில் கேட்டார். இவள் கொஞ்ச நேரம் வார்த்தை தேடினாள். பிறகு மராத்தியிலேயே சொன்னாள்: "காடுன் டேவ்லா."

ஜட்ஜ் தலையை நிமிர்த்தினார். மராத்திக்காரர் வீட்டிலும் பிள்ளைக்குத் தனியாக எடுத்து வைக்கும் சோற்றுக்கு அதே பேச்சுதான். அன்றைக்கு இவள் மராத்தியில் சொல்லியிருந்தால் போதும். இந்தியில் சொன்னதால் வந்தது வினை.

வக்கீல் விடவில்லை. "ஆளு உங்க ஊர்க்காரனா? அவங்க வீட்டிலிருந்து யாராவது வந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார். கடைசியில் 'பிதூர்' என்றார். கட்சி மாறிய சாட்சிக்கு மராத்தியில் அதுதான் பெயர். அந்தச் சொல் அன்றைக்கே அவள் ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவளைப் பார்த்தால் டீ மேசையில் பேச்சு நிற்கிறதாம்.

பையனை வெளியே கூட்டிப்போகும்போது அவன் எங்களைப் பார்த்தான். நன்றியா, இத்தனை மாசம் கழித்தா என்கிற கோபமா, எனக்குப் புரியவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா, அவன் நெஜமாவே வெள்ளத்துக்குப் பயந்துதான் எடுத்து வச்சானா?"

"எனக்கு எப்படித் தாத்தா தெரியும்? அவன் சொன்னத சொன்னேன். மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கலயே."

ஜெயில் வந்தது. அன்று அவள் போனை எடுக்கவில்லை. சுவர் முடியும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் மருமகள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். "சாப்பாடு எடுத்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"மூடி வச்சிருக்கேன். வந்து சாப்பிடுங்க" என்றாள்.