சிவப்புத் துணியைத் தூக்கியவள்

நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் சின்னத்தாய்க்கு வேலை, கட்டுச் சுமப்பது. ஒரு மிஷினில் தைத்து முடித்த துணிக்கட்டை அடுத்த மிஷினுக்குத் தூக்கிப் போக வேண்டும். சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஆனால் அவளிடம் இரக்கப்பட்டு யாரும் பேசிவிட முடியாது. வாய் அப்படி.

2007இல் எங்கள் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஷாரிக் என்பவரை வரவழைத்தார். 'லீன்' என்று ஒரு புது முறை சொல்லித்தரப் போகிறாராம். லீன் என்றால் ஒல்லி என்று ஓவர்லாக் மிஷினில் தைக்கும் ராபின் அர்த்தம் சொன்னான். "ஆளைக் குறைக்கப் போறாங்க" என்று அதற்குப் பொழிப்புரையும் அவனே தந்தான்.

ஷாரிக் போர்டில் எழுதினார்: பொருளை அங்குமிங்கும் சுமப்பது வீண். அத்தனை தலையும் சின்னத்தாய் பக்கம் திரும்பியது.

"அப்ப நாந்தேன் அந்த வீணா சார்?"

"வேலையைத்தான் சொன்னேம்மா, உங்களை இல்லை" என்றார் ஷாரிக். நல்ல மனிதர்தான். ஆனால் வேலை போனபின் ஆள் எங்கே போய் நிற்பது?

சின்னத்தாய் முடங்கிப் போகவில்லை. டீ நேரத்தில் நாங்கள் வடைக்கு ஓடும்போது என் மிஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் தைத்துத் தைத்துப் பழகினாள். பிறகு நேராக முதலாளியிடம் போய், லேபிள் வைக்கிற மிஷினைக் கேட்டாள்.

"ஒரு வாரம் பாக்கலாங்க. செரிப்படலீன்னா கணக்கு முடிச்சுட்டுக் கெளம்பீறோணும்" என்றார் அவர்.

புது முறையில் கட்டே கிடையாது. சட்டை ஒவ்வொன்றாகக் கைமாறும். தப்பைப் பார்த்தவர் மிஷினில் தொங்கும் சிவப்புத் துணியைத் தூக்கினால் லைனில் அத்தனை மிஷினும் நிற்க வேண்டும். ஒருவரும் தூக்கவில்லை. முழுப் பூசணிக்காயைக் கட்டுக்குள் மறைத்தே பழகியவர்கள் நாங்கள். போதாக்குறைக்கு எல்லாரும் ஒரே சந்தில் குடியிருப்பவர்கள். யாரை யார் காட்டிக்கொடுப்பது?

அந்த வாரத்திலேயே ஒருநாள் துணி உயர்ந்தது. தூக்கியவள் சின்னத்தாய். அவசரமாகக் கப்பலேற வேண்டிய ஆர்டர் நின்றுபோனது. முதலாளி வேகமாக வந்தார்.

"ஆருங்க தப்புப் பண்ணுனது?"

"நாந்தேன்யா. மீடியம் சட்டையில லார்ஜ் லேபிளை வச்சுப்புட்டேன்."

எனக்குக் கோபமே வந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவளை என்ன செய்வது! பேசாமல் விட்டிருந்தால் பேக்கிங்கில் வேறு யார் தலையிலாவது விடிந்திருக்கும். அது தெரிந்தும் தூக்கினாளே, அந்தத் தைரியம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது.

ஷாரிக் தேடிப் பார்த்தார். மூன்றே சட்டைகள். பழைய முறையில் கட்டுக் கட்டாகப் போய், கடல் தாண்டித் திரும்பி வந்திருக்கும் என்றார். முதலாளி மூன்று சட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

சின்னத்தாய் எழுந்து தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எங்க பொறப்பட்டீங்க?" என்றார் முதலாளி. "மூணு லேபிளையும் பிரிக்கோணுமல்லங்க? உங்க மிஷின்ல வேற ஆரு உக்காருவா?"

'உங்க மிஷின்' என்றார். அவள் உட்கார்ந்து லேபிளைப் பிரித்தாள். துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக எடுத்ததில் நேரம் பிடித்தது. லைனில் ஒருவரும் முணுமுணுக்காமல் அவள் முடிக்கும்வரை காத்திருந்தோம்.